‘ஆராதனா’ (1969): வந்தனாவையும் அவள் மகனையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ் வாசகர்கள் பலருக்கு ‘ஆராதனா’ என்றால் பாடல்கள்தான் நினைவுக்கு வரும். மலை ரயிலை ஒட்டி ஓடும் ஜீப்பும், மழை பெய்யும் ஓர் இரவும் கண்முன் வரும் அளவுக்கு, அந்த இரவுக்குப் பிறகு ஒரு பெண் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என்ன பாடுபட்டாள் என்பது நினைவில் நிற்பதில்லை. இந்தப் பக்கம் அந்தப் பெண்ணைப் பற்றியது. கதையின் முடிவும் இங்கே சொல்லப்பட்டிருப்பதால், படத்தைப் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

‘ஆராதனா’ யார் எடுத்த படம்?

சக்தி சாமந்தா தயாரித்து இயக்கிய இந்திப் படம். வெளிவந்த ஆண்டு 1969. கதை சச்சின் பௌமிக், இசை சச்சின் தேவ் பர்மன், பாடல்கள் ஆனந்த் பக்ஷி. வந்தனாவாக ஷர்மிளா தாகூரும், விமானப்படை அதிகாரி அருணாகவும் பின்னர் அவருடைய மகன் சூரஜாகவும் ராஜேஷ் கன்னாவும் நடித்தார்கள். சிறந்த படத்துக்கான ஃபிலிம்ஃபேர் விருது இதற்குக் கிடைத்தது. ஷர்மிளா தாகூர் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்ஃபேர் விருதையும் கிஷோர் குமார் சிறந்த பாடகருக்கான ஃபிலிம்ஃபேர் விருதையும் முதன்முறையாகப் பெற்றது இந்தப் படத்துக்காகத்தான்.

கதை என்ன?

படம் ஒரு பெண் கொலைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவதில் தொடங்குகிறது. நடந்தவை யாவும் சிறைக்குள் இருக்கும் அவளுடைய நினைவாக விரிகின்றன.

டார்ஜிலிங் மலைப்பகுதியில் மருத்துவர் ஒருவரின் மகள் வந்தனா. விமானப்படை அதிகாரியான அருண் அவளைக் காதலிக்கிறான். இருவரும் ஒரு கோவிலில் கடவுளைச் சாட்சியாக வைத்து மாலை மாற்றிக்கொள்கிறார்கள். ஊரறியத் திருமணம் நடப்பதற்குள் அருண் விமான விபத்தில் இறந்துபோகிறான். வந்தனாவின் வயிற்றில் அவன் குழந்தை வளர்கிறது. முறைப்படி திருமணம் நடக்கவில்லை என்று சொல்லி அருணின் குடும்பம் அவளை ஏற்க மறுக்கிறது. அவளுடைய தந்தையும் இறந்துவிடுகிறார்.

குழந்தை பிறந்ததும், அதை ஓர் ஆசிரமத்தில் சேர்த்துவிட்டு மறுநாளே தானே போய்த் தத்தெடுத்துக்கொள்வது என்று முடிவாகிறது. தகப்பன் பெயர் இல்லாத பிள்ளை என்ற பேச்சு குழந்தைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. அவள் போய்ச் சேருவதற்குள், பிள்ளையைப் பறிகொடுத்த வேறொரு தம்பதி குழந்தையை எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். வந்தனா அந்த வீட்டிலேயே ஆயாவாக வேலைக்குச் சேருகிறாள். சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டு அம்மாவின் தம்பி ஷியாம் வந்தனாவைப் பலவந்தப்படுத்த முயல, அவளைக் காப்பாற்ற வந்த சிறுவன் சூரஜ் அவனைக் குத்திவிடுகிறான். ஷியாம் இறந்துபோகிறான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வந்தனா சிறைக்குப் போகிறாள்.

விடுதலையாகும்போது, அவள்மேல் மதிப்பு வைத்திருக்கும் சிறை அதிகாரி அவளைத் தன் உடன்பிறந்தவளாகக் கருதி வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். அவருடைய மகள் ரேணு காதலிக்கும் இளைஞன் விமானப்படை அதிகாரியான சூரஜ்தான். அவன் தந்தையைப் போலவே இருக்கிறான். அவனுக்கு இழுக்கு வந்துவிடுமோ என்று அஞ்சி, தான் யாரென்று வந்தனா அப்போதும் சொல்லவில்லை. முடிவில் உண்மை அவனுக்குத் தெரியவருகிறது. பலர் கூடியிருக்கும் விருது மேடையில் அவன் அவளைத் தன் தாய் என்று அழைக்கிறான்.

வந்தனா மணமாகாதவளா, மணமானவளா?

இந்தப் படத்தைப் பற்றிய கேள்விகளில் முதன்மையானது இதுவே என்று நான் கருதுகிறேன். படம் இரண்டு பதில்களை ஒரே நேரத்தில் வைத்திருக்கிறது. பார்வையாளருக்கு அவள் மனைவி. கோவிலில் மாலை மாற்றியதை நாம் கண்ணால் பார்த்துவிட்டோம். கதைக்குள் இருக்கும் ஊருக்கோ அவள் மணமாகாமல் கருவுற்றவள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் முழுப் படமும் நடக்கிறது.

சட்டம் ஊரின் பக்கம்தான் நின்றிருக்கும். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, மணமக்களில் ஒருவருடைய வழக்கத்தில் உள்ள சடங்குகளின்படி திருமணம் நடந்திருக்க வேண்டும் என்கிறது. படம் வருவதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பு, 1965இல், ‘காந்தர்வ’ முறையில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு திருமணத்தைப் பற்றிய வழக்கில், உரிய சடங்குகள் நடக்காத திருமணம் சட்டத்தின் பார்வையில் நிறைவேறிய திருமணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆகவே அருணின் குடும்பத்தார் கல்நெஞ்சத்தோடு பேசினார்கள் என்பது உண்மையானாலும், சட்டம் தெரிந்த ஒருவரைக் கேட்டுவிட்டுப் பேசியிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

தமிழ் வாசகர்கள் இங்கே ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சென்னை மாநிலச் சட்டமன்றம் இதே சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாகச் சொல்லி, மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டால், அல்லது தாலி கட்டினால், அந்தத் திருமணம் செல்லும் என்று அந்தப் பிரிவு கூறியது. சுயமரியாதைத் திருமணங்களுக்காக வந்த சட்டம் அது. வந்தனா செய்துகொண்டது போன்ற ஒரு மாலை மாற்றல், சாட்சியாக ஓரிருவர் இருந்து இங்கே நடந்திருந்தால், அருண் இறந்த மறுநாள் அவள் சட்டப்படி விதவை. பிறக்கப்போகும் பிள்ளை அந்தக் குடும்பத்தின் வாரிசு. அவளுடைய இருபது ஆண்டுத் துயரம் முழுவதும் ஒரு மாநிலத்தின் சட்டப் பிரிவுக்கும் இன்னொரு மாநிலத்தில் அது இல்லாததற்கும் இடையில் நின்றது என்று எண்ணும்போது எனக்கு உண்மையிலேயே மனம் கனக்கிறது.

அந்த மழை இரவுப் பாடல் ஏன் இன்றும் பேசப்படுகிறது?

‘ரூப் தேரா மஸ்தானா’ பாடல் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டது. மூட்டிய நெருப்பைச் சுற்றி இருவரும் நகர, கேமராவும் அவர்களோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது. இருவரில் எவரும் வாயசைத்துப் பாடுவதில்லை. பாட்டு பக்கத்து அறையிலிருந்து வருகிறது. தங்கள் விருப்பத்தைத் தாங்களே சொல்லிக்கொள்ளாத இருவருக்காக வேறு யாரோ பாடுகிறார்கள். தொழில்நுட்பத் திறமைக்காகப் பாராட்டப்படும் இந்தக் காட்சியில் எனக்குப் பெரிதாகப் படுவது, வந்தனா ஏமாற்றப்பட்டவளாகக் காட்டப்படவில்லை என்பதே. அவளும் விரும்புகிறாள், அவளும் தயங்குகிறாள். அந்தக் காலத்துப் படங்களில் மணமாகாமல் தாயாகும் பெண் பெரும்பாலும் கயவனால் கெடுக்கப்பட்டவளாகவோ புத்தி கெட்டவளாகவோதான் வருவாள். இவள் இரண்டுமில்லை.

கருவைக் கலைத்திருக்க முடியாதா?

1969இல் சட்டப்படி முடியாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 312ஆவது பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்காக நல்லெண்ணத்தோடு செய்வதைத் தவிர, கருக்கலைப்பைக் குற்றமாகவே வைத்திருந்தது. 1964இல் அமைக்கப்பட்ட சாந்திலால் ஷா குழு இந்த நிலையை மாற்றப் பரிந்துரைத்தது. அதன் பயனாக 1971இல் நிறைவேறிய மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1972 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதிலும் கருத்தடைச் சாதனம் பலனளிக்காமல் போன காரணம் மணமான பெண்ணுக்கு மட்டுமே பொருந்துவதாக எழுதப்பட்டிருந்தது. ‘மணமான பெண்ணும் கணவரும்’ என்ற சொற்கள் ‘பெண்ணும் துணைவரும்’ என்று மாற 2021 வரை ஆயிற்று. 20 வாரத்திலிருந்து 24 வாரம் வரையிலான காலத்தில் மணமாகாத பெண்ணுக்கும் அதே உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 செப்டம்பரில்.

ஆனால் வந்தனாவின் கதையில் இந்தக் கேள்விக்கு அவளுடைய விடையே போதுமானது. குழந்தை வேண்டும் என்று அவள் தீர்மானிக்கிறாள். இறந்துபோனவனிடமிருந்து அவளுக்கு எஞ்சியது அது ஒன்றுதான்.

பெற்றவள் அவள்தானே, குழந்தையை ஏன் திரும்பக் கேட்கவில்லை?

மணமாகாமல் பிறந்த குழந்தைக்கு இயற்கைக் காப்பாளர் தாய்தான், அவளுக்குப் பிறகே தந்தை என்று 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் அன்றே சொல்லியிருந்தது. எந்தச் சமூகம் அவளை மணமாகாதவள் என்று ஒதுக்கியதோ, அந்த மணமாகாத நிலையே அவளை அந்தக் குழந்தைக்கு முதல் உரிமையுடையவளாகச் சட்டத்தில் ஆக்கியிருந்தது. மணமான இந்துத் தாய்க்குக்கூட அன்று அந்த முதலிடம் கிடையாது. அங்கே தந்தைக்குப் பிறகுதான் தாய்.

தத்தும் அவ்வளவு எளிதில் முடிகிற காரியமில்லை. பெற்றோர் யாரென்று தெரியாத குழந்தையைக் காப்பாளர் ஒருவர் தத்துக் கொடுக்க வேண்டுமானால் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும் என்று 1956ஆம் ஆண்டின் இந்து தத்து மற்றும் பராமரிப்புச் சட்டம், 1962இல் திருத்தப்பட்டபின், கூறியது. ஒரே இரவில் ஆசிரமத்திலிருந்து குழந்தை கைமாறியது அந்த அனுமதியோடு நடந்திருக்க முடியாது. வந்தனா ஒரு வழக்கறிஞரிடம் போயிருந்தால் குழந்தை திரும்பக் கிடைத்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவள் போகவில்லை. போயிருந்தால் நீதிமன்றத்தில் எழுந்து நின்று, ‘இது எனக்குப் பிறந்த பிள்ளை, எனக்குத் திருமணம் ஆகவில்லை’ என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அந்த ஒரு வாக்கியத்தைத் தவிர்ப்பதற்காகத்தானே குழந்தையை ஆசிரமத்தில் விட்டாள்? சட்டம் கொடுத்திருந்த உரிமையைக் கையில் வாங்க, ஊர் வாங்கிவிட்ட நாக்கு அவளுக்கு வேண்டியிருந்தது. கருவுற்றதோ காதலனை இழந்ததோ வந்தனாவின் வாழ்க்கையை இவ்வளவு நீளத்துக்கு அழிக்கவில்லை. ‘என் மகன்’ என்ற இரண்டு சொற்களை வெளியே சொல்ல முடியாமல் போனதுதான் அழித்தது. இந்தப் படத்தை நான் மறுபடி மறுபடி பார்ப்பது இதற்காகவே.

கொலைப்பழியை அவள் ஏற்றுக்கொண்டது அவசியமா?

அவசியமில்லை என்பதுதான் வேதனை. அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 82ஆவது பிரிவுப்படி 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்தது எதுவும் குற்றமாகாது. 83ஆவது பிரிவுப்படி 7 முதல் 12 வயது வரை, செயலின் தன்மையை உணரும் அறிவு முதிர்ச்சி இல்லாத சிறுவனும் குற்றவாளி ஆகமாட்டான். அதைவிட முக்கியமானது 100ஆவது பிரிவு. வன்புணர்வு நோக்கத்தோடு ஒருவன் தாக்கும்போது, தற்காப்பு உரிமை அவனுடைய உயிரைப் போக்கும் அளவுக்கும் நீளும். அந்த உரிமை தன் உடலுக்கு மட்டுமின்றிப் பிறர் உடலைக் காப்பதற்கும் பொருந்தும். ஷியாமைக் குத்தியது சூரஜ் ஆனாலும் வந்தனா ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால் இருவருமே தப்பியிருப்பார்கள்.

நடந்ததைச் சொல்லும் பழக்கத்தை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். ஒரு பொய்யை ஒரு நாளைக்கு மட்டும் என்று நினைத்துத் தொடங்கியவள், வாழ்நாள் முழுவதும் அதற்குள் இருக்கப் பழகிப்போனாள். திரைக்கதை அவளுடைய மௌனத்தைத் தியாகம் என்று போற்றுகிறது. தியாகம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தியாகத்தை அவளிடம் கேட்டது யார் என்ற கேள்வியைப் படம் இன்னும் சற்று உரக்கவே கேட்டிருக்கலாம்.

இது ஆங்கிலப் படத்தின் தழுவலா?

ஆம், 1946இல் வெளிவந்த ‘டு ஈச் ஹிஸ் ஓன்’ என்ற ஹாலிவுட் படத்தை அடியொற்றியது. மிட்செல் லைசன் இயக்கிய அந்தப் படத்தில் ஒலிவியா டி ஹாவிலண்ட் நடித்து, தம் முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றார். அங்கே கதை முதல் உலகப் போர்க் காலத்து அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில் தொடங்குகிறது. மருந்துக்கடைக்காரரின் மகள் ஜோடி, ஊருக்கு வந்த போர் விமானியோடு ஒரே ஓர் இரவைக் கழிக்கிறாள்; அவன் போரில் இறக்கிறான். குழந்தையை ஊருக்குத் தெரியாமல் தானே எடுத்து வளர்க்க அவள் போட்ட திட்டம் தவறி, குழந்தை அதே ஊரில் வேறொரு வீட்டுக்குப் போய்விடுகிறது. தந்தை, மகன் இரு வேடங்களிலும் ஜான் லண்ட் நடித்தார்.

இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடுகள்தான் பேசுகின்றன. ஜோடிக்குக் கோவிலும் இல்லை, மாலையும் இல்லை. ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் கண்டிப்பாக இருந்த காலத்திலும் அந்தப் படம் அவளுக்கு ஒரு சடங்கைக் கொடுத்துக் காப்பாற்றவில்லை. இந்திப் படத்துக்கு அந்தச் சடங்கு தேவைப்பட்டது. ஜோடி பின்னர் அழகுசாதனத் தொழில் தொடங்கிப் பெரும் செல்வம் சேர்க்கிறாள். பணத்தின் பலத்தால் மகனைத் திரும்பப் பெறவும் பெறுகிறாள். ஆனால் பிள்ளை வளர்த்த தாயை நினைத்து ஏங்குவதைக் கண்டு தானே திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். வந்தனாவுக்குத் தொழிலும் கிடையாது, பணமும் கிடையாது. ஆயா வேலையும் அதன்பின் சிறையும்தான். ஆங்கிலப் படத்தில் தாய் மகனைவிட்டு விலகி நின்று ஏங்குகிறாள். இந்திப் படத்தில் அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்கவைத்துக்கொண்டே ஏங்குகிறாள். இரண்டாவது கொடுமை பெரிது என்பது என் எண்ணம்.

தந்தையாகவும் மகனாகவும் ஒரே நடிகர் வந்தது ஏன்?

ஆங்கில மூலத்திலேயே அப்படித்தான். ஆனால் இதற்கு ஓர் உள்காரணமும் இருக்கிறது. மகனின் முகத்தில் தந்தையைப் பார்க்கும் வந்தனாவுக்கு வேறு அத்தாட்சி தேவையில்லை. அவளுடைய திருமணத்துக்குப் பத்திரமோ பதிவோ இல்லை. மகனின் முகம் ஒன்றுதான் சான்று. இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். 1944 டிசம்பரில் பிறந்த ஷர்மிளா தாகூர் இந்தப் படம் வந்தபோது 25 வயதைத் தொட்டுக்கொண்டிருந்தார். தம்மைவிட 2 வயது மூத்த நடிகருக்குத் தாயாக, தலை நரைத்து நடிக்க அந்த வயதில் கதாநாயகி ஒருவர் ஒப்புக்கொண்டது சிறிய துணிவன்று.

சூரஜ் என்ற பெயருக்குப் பொருள் உண்டா?

சூரியன் என்று பொருள். மணமாகுமுன் குந்தி பெற்று ஆற்றில் விட்ட கர்ணன், சூரியனின் மகன். பெயர் அதை எண்ணி வைக்கப்பட்டதோ இல்லையோ, பாரதம் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஒலி தானாகவே கேட்கும். பெற்றவள் சொல்லாமல் மறைத்தது, வேறொரு வீட்டில் பிள்ளை வளர்ந்தது, வீரனாக நிற்கும்போது தாய் பார்த்துப் பதைத்தது என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்துகிறது.

வில்லிபாரதத்தில் கர்ணன் குந்தியிடம் கேட்கும் வரம் ஒன்று உண்டு. போர்க்களத்தில் தான் விழும்போது, எல்லோரும் பார்க்கத் தன்னை எடுத்து அணைத்துப் பாலூட்டி, ‘என் மகன்’ என்று உலகுக்குச் சொல்ல வேண்டும் என்கிறான். அரசும் வேண்டாம், தம்பியர் உறவும் வேண்டாம். பலர் அறியச் சொன்னால் போதும் என்கிறான். ‘ஆராதனா’வின் முடிவு இந்த வரத்தைத் திருப்பி எழுதுகிறது. இங்கே பலர் அறியச் சொல்பவன் மகன், கேட்டுக்கொண்டு நிற்பவள் தாய். கர்ணனுக்குச் சாகும்போது கிடைத்தது சூரஜுக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைக்கிறது.

பாடல்களைப் பற்றி?

சுருக்கமாகச் சொன்னால், கிஷோர் குமாரின் பெரும் எழுச்சி இந்தப் படத்தின் பாடல்களோடு வந்தது. ‘மேரே சப்னோ(ம்) கி ராணி’ பாடலில் ஜீப் காட்சிகள் டார்ஜிலிங்கில் எடுக்கப்பட்டன. அப்போது சத்யஜித் ராயின் படத்தில் ஷர்மிளா நடித்துக்கொண்டிருந்ததால், ரயிலுக்குள் அவர் அமர்ந்திருக்கும் காட்சிகள் தனியாக ஸ்டுடியோவில் எடுத்துச் சேர்க்கப்பட்டன. ‘உன் ஆராதனை பலிக்கும்’ என்று பொருள்படும் தலைப்புப் பாடலை இசையமைப்பாளர் சச்சின் தேவ் பர்மனே பாடினார். அதற்காகச் சிறந்த பாடகருக்கான தேசிய விருதும் பெற்றார். அந்த முதிய குரலில் இருக்கும் ஆறுதல், கதையில் எந்தப் பெரியவரிடமிருந்தும் வந்தனாவுக்குக் கிடைக்காத ஆறுதல்.

தமிழில் இந்தப் படம் வந்ததா?

1974இல் சி.வி. ராஜேந்திரன் இயக்கத்தில் ‘சிவகாமியின் செல்வன்’ என்று வந்தது. சிவாஜி கணேசன் இரு வேடங்களிலும், வாணிஸ்ரீ தாயாகவும் நடித்தார்கள்; இசை எம்.எஸ். விஸ்வநாதன். அதே ஆண்டு வந்த தெலுங்கு வடிவமான ‘கன்னவாரி கலலு’விலும் வாணிஸ்ரீதான் தாய். மூலப்படமான இந்திப் படமே மதராஸில் மொழிமாற்றம் செய்யப்படாமல் நெடுநாள் ஓடியது. 1965இன் மொழிப் போராட்டம் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த ஊரில், மொழி புரியாதவர்களும் அந்தத் தாயின் கதையைப் புரிந்துகொண்டார்கள்.

தமிழ்த் தலைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நம் வழக்கத்தில் பிள்ளையின் பெயருக்கு முன்னால் வருவது தகப்பன் பெயரின் முதலெழுத்து. பள்ளியில் சேர்க்கும் நாளிலிருந்து ‘இனிஷியல் என்ன?’ என்ற கேள்வி ஒருவரை விடுவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத பிள்ளையின் கதைக்கு, தாயின் பெயரை முன்னால் நிறுத்தித் தலைப்பு வைத்தார்கள். காமராசரின் தாயார் பெயர் சிவகாமி என்பதும், சிவாஜி கணேசன் காமராசரிடம் கொண்டிருந்த பற்றும் அன்று அனைவரும் அறிந்தவை. ஆகவே தலைப்பு அவரையும் நினைவூட்டியது. எப்படிப் பார்த்தாலும், தாயின் பெயரால் அறியப்படுவது பெருமை என்று தமிழ்த் தலைப்பு சொல்லிவிட்டது. வடக்கே வந்தனா பக்தை. இங்கே சிவகாமி ஒருவனுக்கு முகவரி. இந்த ஒரு மாற்றத்தில் தமிழ்ப்படம் மூலத்தைத் தாண்டிவிட்டது என்றே கருதுகிறேன். மற்றபடி, 45 வயதைக் கடந்திருந்த சிவாஜி இளம் விமானியாக வரும் காட்சிகளில் இந்திப் படத்தின் துள்ளல் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

படத்தில் குறையே இல்லையா?

இருக்கிறது. அருண் இறந்துவிடுகிறான் என்பதுதான் பெரிய குறை. இறந்தவன் நல்லவனாகவே இருந்துவிடலாம். பொறுப்பேற்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை. பார்வையாளர்களான ஆண்களும் நிம்மதியாக அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1959இல், யஷ் சோப்ராவின் முதல் படமான ‘தூல் கா ஃபூல்’ இன்னும் கடினமான வழியை எடுத்தது. அதில் காதலன் சாகவில்லை. வேறொருத்தியை மணந்துகொண்டு, தன் குழந்தையோடு வந்து நிற்கும் பெண்ணை விரட்டிவிடுகிறான். கைவிடப்பட்ட குழந்தையை ஒரு முஸ்லிம் முதியவர் எடுத்து வளர்க்கிறார். அங்கே ஆண் நீதிபதியின் இருக்கையில் இருந்துகொண்டு தன் பிள்ளையையே எதிர்கொள்ள வேண்டிவருகிறது. கலையழகில் ‘ஆராதனா’ மேலானது. அறத்தின் நேர்மையில் ‘தூல் கா ஃபூல்’ மேலானது.

இன்று வந்தனாவுக்கு இதே நிலை வருமா?

சட்டத்தில் வராது. 2015 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மணமாகாத தாய் ஒருவர் தம் குழந்தைக்குத் தனிக் காப்பாளராகத் தம்மை அறிவிக்கக் கோரிய வழக்கில், தந்தையின் பெயரை வெளியிடவோ அவருக்கு அறிவிப்பு அனுப்பவோ தாயைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தனித்தாய் பிறப்புச் சான்றிதழ் கேட்டால், பிரமாணப் பத்திரத்தின் பேரில் கொடுக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. ஆசிரமத்து வாசலில் குழந்தையை விட்டுவிட்டு மறுநாள் போய்க் கேட்க வேண்டிய தேவை இனி எந்தப் பெண்ணுக்கும் இல்லை.

ஆயினும் பள்ளி விண்ணப்பத்தை நீட்டும்போது எழுத்தர் நிமிர்ந்து பார்க்கும் பார்வையையும், மாடிவீட்டுக்காரர் ‘அவர் எங்கே வேலை பார்க்கிறார்?’ என்று விசாரிப்பதையும் தீர்ப்பால் மாற்றிவிட முடியவில்லை. வந்தனாவின் வாயை அடைத்தவை இவையே.

இப்போது முதன்முறையாகப் பார்ப்பவர் எதைக் கவனிக்க வேண்டும்?

எல்லோரும் விருது மேடைக் காட்சிக்காகக் காத்திருப்பார்கள். நான் அதற்கு முன்பே வரும் தாலாட்டைக் கவனிக்கச் சொல்வேன். ஆயாவாக இருக்கும் வந்தனா குழந்தைக்குப் பாடும் ‘சந்தா ஹை தூ’ பாட்டு, நீ என் நிலவு, என் சூரியன், என் கண்ணின் தாரகை என்று போகிறது. தாலாட்டில் ‘என்’ என்று சொல்ல எந்தப் பெண்ணுக்கும் உரிமை உண்டு. பாட்டியும் பாடலாம், பக்கத்து வீட்டு அக்காவும் பாடலாம், கூலிக்கு வந்த ஆயாவும் பாடலாம். யாரும் ‘உன்னுடையதா?’ என்று கேட்பதில்லை. அதனால் அவள் அந்தப் பாட்டுக்குள் அந்தச் சொல்லை மறுபடி மறுபடி சொல்லிக்கொள்கிறாள். பாட்டு முடிந்ததும் அவள் மீண்டும் அந்த வீட்டின் ஆயா.